நோட்டீஸ் தோற்ற கேஸ்

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம் வரை எங்கள் குடும்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்பது பத்துக்கு என் ஏழு வயது மகள் மல்லிகா தேயிலை மலையின் கானில் விழுந்தாள். மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய அந்தக் குழியில் விழுந்து எழுந்தவளின் வலது மணிக்கட்டு, கை போகவேண்டிய திசையில் போகாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். ஐம்பது பிள்ளைகளை அதட்டுகிற நான், சொந்தப் பிள்ளையின் கையைப் பார்த்ததும் அவளைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

ஆனால் நான் எழுத வந்தது கானைப் பற்றியல்ல, நோட்டீஸைப் பற்றி.

ஹட்டன் டவுனில் நோட்டீஸிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வாங்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்கே மறந்திருக்கலாம். புரக்டர் என்கிற வக்கீல் ஒருவரின் ஒபீஸ் விறாந்தையில், இரண்டு கால் மட்டும் உறுதியான மேசையில், டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். வெயிலோ மழையோ கறுப்புக் கோட்டு. வெட்டும்போது பேசிக்கொண்டிருந்ததற்காக முடிவெட்டுகிறவருக்கு ஒரு நோட்டீஸ். கல்யாணத்துக்கு அழைக்காததற்காக மச்சானுக்கு ஒன்று, அடுத்த கல்யாணத்துக்கு அழைத்ததற்காக இன்னொன்று. ஒருநாள் ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. 'என்றும்போல் தாமதமாக வரும் என்று நம்பி வந்த எனது கட்சிக்காரர் ரயிலைத் தவறவிட்டார்' என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு அனுப்பினார். கட்சிக்காரர் அவரேதான்.

எந்த நோட்டீஸும் கோர்ட்டு வாசல்வரை போனதில்லை. சாவதற்குள் ஒரே ஒரு உண்மையான கேஸ் நடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்படிப்பட்டவரிடம் நான் என் மகளின் கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் தோட்டக் கம்பெனியின் மருந்து அறைக்கு, மருந்துக் காம்பராவுக்குப் போகவேண்டும். அங்கே டிஸ்பென்சர் ஐயா நாற்காலியில் இருப்பார். எழுந்து அருகில் வந்து நோயாளியைத் தொடுவது அவருடைய வழக்கமல்ல. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மிக்ஸர் மருந்து. அதற்கு மேற்பட்டதென்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, தோட்ட மேனேஜரான துரையிடம் கையெழுத்து வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். மல்லிகா மேசைக்கு எதிரே நின்றாள். அவளுடைய வலது கை அவருக்கு இடது பக்கம் தெரிந்தது. 'இடது கை முறிவு' என்று எழுதினார்.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டொக்டர் லீவு. அடுத்தபடியாக இருந்த அப்போதிக்கரி ஐயா துண்டைப் படித்தார். துண்டைத்தான் படித்தார்.

"ஐயா, முறிஞ்சது வலது கைங்க."

"துண்டுல என்னா எழுதியிருக்கு?"

"இடதுன்னு..."

"நீங்க டொக்டரா?"

"இல்லீங்க. மாஸ்டர்."

"அப்ப போய் பாடம் சொல்லிக் குடுங்க."

மல்லிகாவின் நல்ல கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். "அப்பா, இந்தக் கை நல்லாத்தானே இருக்கு?" என்று அவள் கேட்டாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். படித்தவன் அல்லவா, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கமுடியுமா?

திரும்பி வந்து டிஸ்பென்சரிடம் சொன்னால், "தொர கையெழுத்துப் போட்ட துண்டு. அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். புதுத் துண்டு கேட்டேன். "முதல் துண்டு குணமாகட்டும்" என்றார். துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள். வலது கை வீங்கிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை நானும் மனைவியும் மல்லிகாவோடு நோட்டீஸ் முன்னால் நின்றோம். கதையைக் கேட்டு அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அருமையான கேஸ் மாஸ்டர்! ஆனா யார்மேல போடறது? கவுண்மெந்து ஆஸ்பத்திரின்னா அது இங்கிலாந்து மகாராணியோடது. மகாராணி தப்பே செய்யமாட்டாங்க. இது சட்டம்."

"தப்பான கையில கட்டுப் போட்டிருக்காங்களே!"

"மகாராணி கட்டினா அதான் சரியான கை."

"அப்ப தோட்டத்துமேல போடுங்க."

"தாராளமா. அது கம்பெனி. யாரும் போடலாம். நீங்க இருக்கிற வீடு யாரோடது?"

"தோட்டத்தோடது."

"வேலை?"

"தோட்டத்தோடது."

"கேஸ் போட்ட அன்னைக்குச் சாமான் சட்டியை எதுல ஏத்துவீங்க?"

நான் யோசித்தேன்.

"யோசிக்காதீங்க. லொறியும் தோட்டத்தோடதுதான்."

ஆக, அரசாங்க வைத்தியம் என்றால் இலவசம், கேட்க முடியாது. கம்பெனி வைத்தியம் என்றால் கேட்கலாம். கேட்டுவிட்டு நிற்க இடமிருக்காது. நம் நாட்டில் நோயாளிக்கு இருந்த வசதிகளை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

"இருந்தாலும் அந்த அப்போதிக்கரியைத் தனியா இழுக்கலாம்" என்று நோட்டீஸ் காகிதத்தை டைப்ரைட்டரில் செருகினார். "ஒண்ணுதான் குறை. இப்ப வெறும் வீக்கம். இது கோர்ட்டுல நிக்காது. ரெண்டு மாசம் விடுங்க. கை நல்லாக் கோணலா ஒட்டட்டும். பிள்ளையை நீதவான் முன்னால நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லுவேன். தூக்க முடியாது! அப்ப பாருங்க..."

என் மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஐயா, எங்களுக்குக் கேஸ் வேணாங்க. கைதான் வேணும்."

நோட்டீஸ் அவளைப் பார்த்தார். பிறகு மல்லிகாவைப் பார்த்தார். வீங்கிய கையை மாவுக்கட்டுக் கையால் தாங்கிக்கொண்டு, அழுது ஓய்ந்துபோய் நின்றாள். செருகிய காகிதத்தை அவர் உருவிக் கிழித்தார். வேறு இரண்டு காகிதங்களை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் டைப் அடித்தார். நோட்டீஸ் பேசாமல் டைப் அடித்ததை அன்றைக்குத்தான் டவுன் கண்டது.

டிஸ்பென்சருக்குப் போனதில், 'உமக்கு வலது இடது தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, துரைக்கு எழுதப்போகிறார்களாம்' என்றிருந்தது. அப்போதிக்கரிக்குப் போனதில், 'உமக்குக் கையே தெரியாது என்று தோட்டத்தில் சொல்லி, கொழும்புக்கு எழுதப்போகிறார்களாம்' என்றிருந்தது. கடைசி வரி இரண்டிலும் ஒன்றுதான்: 'யார் முதலில் பிள்ளையின் வலது கையைப் பார்க்கிறாரோ, அவர்மேல் குற்றமில்லை என்று கொள்ளப்படும்.' இப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்குமே கிடையாது.

புதன்கிழமை தபால் வந்தது. மிக்ஸருக்குக் காத்திருந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க, டிஸ்பென்சர் ஐயா நாற்காலியைவிட்டு எழுந்தார். எழுந்தது மட்டுமல்ல, ஓடினார். அவர் எங்கள் வீட்டு வாசலில் மூச்சுவாங்கும்போது அப்போதிக்கரி ஐயாவோடு ஆஸ்பத்திரி வண்டியும் வந்து நின்றது. நாலு நாளாக யாரும் பார்க்காத கைக்கு இப்போது இரண்டு பேர் போட்டி.

"நான்தான் முதல்ல பார்த்தேன்!"

"நீங்க வாசல்லயிருந்து பார்த்தீங்க. அது கணக்கில இல்ல!"

அதே வண்டியில் அழைத்துப்போனார்கள். லீவு முடிந்து வந்திருந்த பெரிய டொக்டர் எலும்பைச் சரிசெய்து, சரியான கைக்குக் கட்டுப் போட்டார். இடது கைக்கு விடுதலை கிடைத்தது. டிஸ்பென்சர் ஐயா கூடவே வந்து புதுத் துண்டும் கொடுத்தார். அதில், 'இரண்டு கைகளில் எது முறிந்திருக்கிறதோ அது' என்று எழுதியிருந்தார்.

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். நான் அடிமட்டத்தை வைத்துக் கை நேராக இருக்கிறதா என்று தினமும் அளந்துகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் பயம் போகவில்லை.

மூன்றாம் நாள், தூறலில் மேட்டுப் பாதையில் ஒரு கறுப்புக் கோட்டு ஏறி வந்தது. தோட்டத்துப் பக்கம் காலே வைக்காத நோட்டீஸ், வழி விசாரித்து, அட்டைக்கடியோடு நடந்தே வந்திருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். மல்லிகாவை அழைத்து, "ரெண்டு கையையும் தூக்கும்மா" என்றார்.

தூக்கினாள். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு குனிந்து, அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்.

"நேரா இருக்கும்மா. நம்ம கேஸ் அடியோட தோத்துப்போச்சு" என்றார்.