சரளமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் மனைவி செல்லம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஈப்போ ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா இங்கிலீசில் ஏதோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். செல்லம்மா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

எழுபத்தெட்டாம் வருஷம். எங்கள் மகள் சாரதா இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாள். இடம் கிடைத்தால் விமானம். இல்லாவிட்டால் அம்மாவோடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை. மனுவில் ஒரு கேள்வி: உன் இங்கிலீசு எப்படி? சுமார், நன்று, சரளம். நீயே எடை போட்டுக்கொள்.

சாரதா 'சுமார்' என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் தேயிலை ஃபேக்டரியில் கங்காணி. வருஷக்கணக்காக வெள்ளைக்காரத் துரையோடு இங்கிலீசு பேசுகிறவன். என் மகள் சுமாரா? 'சரளம்' என்று போடச் சொன்னேன். நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொண்டால் இடமே போய்விடும் என்று அவள் கண் கலங்கினாள்.

செல்லம்மா குறுக்கே வந்தாள். "சண்டை எதுக்குங்க? ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல இங்கிலீசுதான். சுடுதண்ணியோ சோறோ, இங்கிலீசுல கேட்டாத்தான் கிடைக்கும். தமிழ் பேசாம யாரு தாக்குப் பிடிக்கிறாங்களோ, அவங்க சொல்றதையே எழுதுவோம்."

"நீ என்ன பண்ணுவே?"

"எனக்குத்தான் தெரியாதே. நான் வாயே திறக்கல."

எனக்கு வெற்றி கையில் வந்துவிட்டது.

ஞாயிறு காலை, மலைக்குளிர். சாரதா எங்கள் மலைக்கு ஏறும் கோலா தெர்லா ரோடு போலக் குண்டும் குழியுமான இங்கிலீசில் சுடுதண்ணீர் கேட்டுக் குளித்தாள். கோப்பி கேட்டுக் குடித்தாள். நான் வாயைத் திறந்தேன். உள்ளே எஸ் சார், ஆல் ரைட் சார், டுமாரோ சார் எல்லாம் வரிசையாக நின்றன. அத்தனையும் பதில்கள். துரை கேட்பார், நான் சொல்வேன். துரையிடம் நான் எதையாவது கேட்டதுண்டா? அந்தத் தைரியம் யாருக்கு வரும்? கோப்பி வேண்டுமா என்று ஒருத்தி கேட்டிருந்தால் போதும். செல்லம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

மத்தியானம் கருவாடு பொரித்தாள். "மோர் ரைஸ், பிளீஸ்" என்றாள் சாரதா. சோறு வந்தது. நான் தட்டை நீட்டினேன். செல்லம்மா கூரையைப் பார்த்தாள். "வெரி குட் சார்" என்றேன். சாரதா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

"அடியே, சோத்தைப் போடுடி" என்று சுத்தத் தமிழில் சரணடைந்தேன்.

செல்லம்மா கரண்டியை எடுத்தாள். "துரை கேக்காம நீங்க என்னிக்குப் பேசியிருக்கீங்க? அதான் நான் எதையும் கேக்கல. பிள்ளைய அவ இஷ்டத்துக்கு எழுத விடுங்க லா."

சாரதா 'சுமார்' என்றே எழுதினாள். அதனால் நேர்முகத்தில் நிதானமாகக் கேட்டார்களாம். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே, இனி வீட்டில் தமிழ்தான் என்று அறிவித்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வச்சுக்கலாங்க," என்றாள் செல்லம்மா. "கல்யாணம் ஆனதிலிருந்து இன்னிக்குத்தான் வீடு அமைதியா இருந்துச்சு."

சாரதா இங்கிலாந்திலேயே கல்யாணம் கட்டித் தங்கிவிட்டாள். வீட்டில் இப்போது நான் ஒருவன். சோறு நானே போட்டுக்கொள்கிறேன்.