பொன்னையா கங்காணியின் பெருங்குடல்

நோய் வந்தால் வருந்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நோய் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அது தனி இனம். சளி, காய்ச்சல் போன்ற சில்லறைகளை அது சீந்தாது. ஊரில் வேறெவருக்கும் இல்லாத ஒன்று வேண்டும்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த பொன்னையாவுக்கு அப்படியொன்று வாய்த்தது. சுதந்திரம் வந்த மறுவருடம், தீராத மலச்சிக்கலோடு கண்டிக்குப் போனவருக்கு வெள்ளை மருந்து ஏற்றிப் படம் பிடித்து, பெருங்குடல் வழக்கத்தைவிட நீளம் என்றார் டாக்டர். மருந்தை எந்த வழியாக ஏற்றினார்கள் என்பதை அவரே விவரிப்பார், என்னை விடுங்கள். அன்றிலிருந்து காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினாலும் குடல், கொழுந்து குறைந்தாலும் குடல், துரை ஏசியது காதில் விழாததற்கும் குடல். லயத்து வீட்டுக்கு யார் வந்தாலும் எக்ஸ்ரே படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, றொசல்ல ரயில்பாதையைப்போல வளைவு வளைவாக விரலோட்டிக் காட்டாமல் தேத்தண்ணி கொடுத்ததில்லை.

மகள் அழகம்மாவைப் பெண்பார்க்க டயகமவிலிருந்து ஆட்கள் வந்த அன்று, மனைவி நாகலெட்சுமி படத்தைப் பாய்க்கடியில் ஒளித்துவிட்டு, இன்றைக்கு மட்டும் குடலைப்பற்றி வாய் திறக்கக் கூடாதென்று கெஞ்சினாள். நல்ல இடம். மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பாவம், மனுஷன் அடக்கித்தான் பார்த்தார். வயிற்றில் கட்டிக்கிடப்பதைவிட வாயில் கட்டிக்கிடப்பது பெருங்கொடுமை.

கெட்ட நேரம், மாப்பிள்ளையின் தகப்பன் செல்லசாமியும் அதே இனம். மடியிலிருந்து சின்னப் போத்தலொன்றை எடுத்து, தம் சிறுநீர்ப்பையில் விளைந்த கல்லைக் குலுக்கிக் காட்டினார்.

பொன்னையா பொறுப்பாரா?

"கல்லு யாருக்கும் வருங்க," என்றவர், வந்தவர்களை எழுப்பிவிட்டுப் பாயை உருவினார். படம் வாசலுக்கு ஏறியது.

மாப்பிள்ளையின் தாய் முகம் சுருங்கிப்போயிற்று. "இது பரம்பரையா வருங்களா? பொண்ணுக்கும் இருக்குமோ?"

அழகம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அப்பனைப் பார்த்தாள். அவர் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்த மீதிச் சேதி அப்போதுதான் வெளியே வந்தது. எத்தனையோ பேருக்கு இப்படி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதுகூட இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, கீரை தின்று தண்ணீரை நிறையக் குடித்தால் போதும் என்று அதே டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தாராம்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. வெற்றிலையை மடித்தபடி செல்லசாமி மெத்த அனுதாபத்தோடு கேட்டார்: "அப்ப ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா, சம்பந்தி?"

பொன்னையாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். "சுகமா?" என்று கேட்டவரிடம் "சுகம்" என்று மட்டும் சொல்லி அவரை நீங்கள் கடைசியாகப் போகவிட்டது எப்போது? யோசித்துப் பதில் சொல்லுங்கள். முடிந்தால் சுருக்கமாக.