நரசிம்மன் வாங்கிய இரண்டாவது கார்டு

கல்யாணம் நடக்க வேண்டிய இடத்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

காலை ஆறரை மணி. ரத்னா கையில் காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கும் சீரியலில் நேற்றுத்தான் முகூர்த்தம். திரையிலோ யாரோ ஒருவன் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க இது?"

"மேட்சு பாக்கறதுக்காக சேனலை மாத்திட்டேன் போல," என்று நரசிம்மன் தலையைச் சொறிந்தான். "கார்டு ஒண்ணுதானே கீது? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் புடிக்கும்."

ரத்னா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நரசிம்மன் இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்குப் பகல் டூட்டி. ரத்னாவுக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மதியம் தொடங்கி ராத்திரி பத்து மணிவரை ஷிப்ட். புருஷனும் பெண்டாட்டியும் கண் விழித்த நிலையில் சந்திப்பதே காலையில் ஒரு அரை மணி நேரம்தான். முந்தின நாள் சீரியலை வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் ரெக்கார்ட் செய்து வைப்பான். டிவி படத்தைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் தள்ளும் கார்டை அவனே வாங்கி, அவனே மாட்டியிருந்தான். போனிலேயே பார்க்கலாமே என்று சொன்னவர்களை அவன் மனிதர்களாகவே மதித்ததில்லை.

கம்பெனியில் எது பழுதானாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்கள். நரசிம்மன் கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். ரத்னாவுக்கு ஏன் கோபம்? சீரியல் இல்லை. ஏன் இல்லை? கார்டு ஒன்றுதான். மூன்றாவது 'ஏன்' வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அறிவித்தான். "ரெண்டாவது கார்டு வாங்கிடறேன். இன்னொரு செட்டாப் பாக்ஸும் சொல்லிட்டேன். காலைல உன் சீரியலை நீ பாரு, என் மேட்சை நான் மாடில போய் லேப்டாப்ல பாத்துக்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ம்," என்றாள் ரத்னா.

எந்தக் கார்டு வாங்குவது? கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் சாம்சனைக் கேட்டான்.

"பழைய மாடலையே வாங்குணா. அண்ணன் தம்பி மாதிரி ஒத்துமையா ஓடும்."

வாங்கினான். சாயங்காலம் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. மறுநாள் டூட்டி முடிந்து வந்து பார்த்தால், புதுக் கார்டு என்று ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணன் தம்பின்னா தகராறு வரத்தானேணா செய்யும்?" என்றான் சாம்சன், கொஞ்சமும் கூசாமல். "வேற மாடல் போடு. வெளியவே சொருகறது கீது பாரு, அது."

அதையும் வாங்கினான். சாயங்காலம் ஓடியது. மறுநாள் செத்தது.

நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? வெயில்தான் என்று முடிவு கட்டினான். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை ரத்னாவின் தலைமாட்டிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டருக்கு வைத்தான். ரத்னா ராத்திரியெல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தாள். கார்டு அதற்கும் அசைந்துகொடுக்கவில்லை.

"கரண்டு பத்தலணா. பவர் சப்ளையை மாத்து," என்றான் சாம்சன்.

மாற்றினான். அத்தோடு பழைய கார்டும் போயிற்று. இப்போது சீரியலும் இல்லை, மேட்சும் இல்லை.

காலை ஆறரை மணி இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. ரத்னா தனியாக உட்கார்ந்து காபி குடித்தாள். நரசிம்மன் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தான். அவனுடைய காபியில் ஆடை படிந்தது.

"விட்டுடுங்களேன். வந்து காபியைக் குடிங்க."

"இதோ ஆச்சு ரத்னா. இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையையே அவள் விட்டுவிட்டாள் என்று அவனுக்குப் பட்டது. எத்தனை ஆயிரம் காரில் ஜனங்கள் அவன் பார்த்து அனுப்பிய சீட்டில் சொகுசாகப் போகிறார்கள்! சொந்த வீட்டில் ஒரு கார்டை உட்கார வைக்கத் துப்பில்லை. இனி இவள் முகம் கொடுத்துப் பேசவே மாட்டாளோ என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து போர்ஷன் ஷெர்லின் ஸ்டூல் கேட்டு வந்தாள். ரத்னா வேலை செய்யும் அதே லைனில் வேலை செய்பவள். அன்று அவளுக்கு ஆஃப். நரசிம்மன் கழற்றிப் போட்ட கம்ப்யூட்டருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"ஷெர்லின், நீயாவது சொல்லும்மா. அவ மனசுல இன்னாதான் கீது? எந்தக் கார்டு வாங்கினா அவ எங்கிட்ட பழையபடி பேசுவா?"

ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. கையில் எடுத்த ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எத்தினி கார்டு வாங்கினாலும் ஓடாதுண்ணா! மேட்சும் கையுமா நீங்க மாடிக்குப் போயிட்டா காலைல யார்கூட உக்காந்து காபி குடிக்கறதுன்னு, நீங்க டூட்டிக்குக் கெளம்பினதும் அக்காதானே தெனம் ஒரு ஒயரைக் கழட்டி வுட்டுட்டு ஷிப்ட்டுக்கு வருது!"