பால் சொசைட்டி கீபோர்டும் என் லினக்ஸ் நேர்காணலும்

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். அந்த நேர்காணலுக்குப் பிறகு ஊரே சொல்கிறது.

லேப்டாப் பழுதுகளை ஆன்லைனிலேயே சரிசெய்து கொடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில், லினக்ஸ் தெரிந்த ஆள் தேவை என்றார்கள். வீட்டிலிருந்தே வேலை. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் கரிக்கலாம்பாக்கத்தில் மாமாவின் உரக்கடையில் பில் போட உட்கார வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். (பூச்சிமருந்து நாற்றம் எனக்கு ஆகாது. மாமாவும் அவ்வளவாக ஆகாது.)

நேர்காணல் சாயங்காலம், வீடியோவில். எங்கள் ஊரான உறுவையாற்றில், வீட்டுக் கூடத்தில் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, பின்னால் சுத்தமான சுவர் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். மறுமுனையில் கண்ணாடி போட்ட ஒரு சார். அவர் கேட்டதையெல்லாம் ஊதித் தள்ளினேன். பிறகு இதைக் கேட்டார்.

"லேப்டாப் ஸ்லீப்ல இருந்து எழுந்ததும் கீபோர்டும் டச்பேடும் வேலை செய்யல. கஸ்டமர் கத்துறாரு. என்ன பண்ணுவீங்க?"

"நிறைய லேப்டாப்ல ரெண்டுக்கும் ஒரே டிரைவர்தான் சார், என்னோடதுலயும் அப்படித்தான். அதைக் கழட்டி மறுபடி மாட்டினா போதும். ரீஸ்டார்ட்டே வேண்டாம். அதுதான் சார் லினக்ஸ்!"

இதோடு வாயை மூடியிருக்கலாம். மூடிவிட்டால் நான் ஸ்டெல்லா இல்லையே! "செஞ்சே காட்டுறேன் சார்" என்று என் திரையை அவருக்குத் தெரியும்படி வைத்தேன். டிரைவரைக் கழற்றும் கட்டளையை அடித்தேன். பாஸ்வேர்டு கொடுத்தேன். என்டர் தட்டினேன்.

கழன்றது. சுத்தமாகக் கழன்றது. "பாத்தீங்களா சார், இப்ப ரெண்டும் வேலை செய்யாது" என்று வெற்றிச் சிரிப்புடன், மறுபடி மாட்டும் கட்டளையை அடிக்க விரலை வைத்தேன்.

எதில் அடிப்பது?

(இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் சேர்த்து அடித்து, கடைசியில் என்டர் தட்டுவதுதான் முறை. எனக்கு அது தெரியும். சத்தியமாகத் தெரியும்.)

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றார் சார், மெதுவாக. கேமராவும் மைக்கும் மட்டும் நன்றாக வேலை செய்தன, என் அதிர்ஷ்டம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டிருக்கலாம். ஆனால் ரீஸ்டார்ட்டே வேண்டாம் என்று இப்போதுதானே மார் தட்டினேன்? "யுஎஸ்பி கீபோர்டு ஒண்ணு செருகினா போதும் சார்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படியொன்று கிடையாது.

"அப்பா! பால் சொசைட்டி கம்ப்யூட்டர்ல ஒயர் வெச்ச கீபோர்டு இருக்கும். ஓடிப்போய்க் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிட்டு வாப்பா!"

சொசைட்டி பக்கத்துத் தெருதான். அது பால் ஊற்றும் நேரம் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அங்கே ஒவ்வொருவர் கொண்டுவந்த பாலையும் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் சீட்டு வரும், வரிசை நகரும்.

அப்பா கேட்டு வாங்குகிற ரகமும் இல்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒயர் தரையில் இழுபட அவர் உள்ளே நுழைய, பின்னாலேயே கேனும் தூக்குமாக ஒரு கூட்டம் நுழைந்தது. முன்னால் நின்றவர் சொசைட்டியில் பால் அளக்கும் காந்திமதி அக்கா.

"இன்னாண்ணா, பால் ஊத்துற நேரத்துல கீபோர்ட புடுங்கினு ஓடியாந்துட்ட? லைன்ல இத்தினி பேரு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"எம்பொண்ணு பொழப்பே தொங்குது, செத்த இரும்மா!"

என் மானம் கப்பலேறிவிட்டது. சுத்தமான சுவர் மறைந்து, கேமராவில் கேன்களும் தலைகளுமாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் சாருக்கு வணக்கம் வேறு வைத்தார். பால் பிசுக்கு ஒட்டிய அந்தக் கீபோர்டைச் செருகி, கட்டளையை அடித்து, என்டர் தட்டினேன். டச்பேடில் விரலை வைத்தேன். அம்புக்குறி ஓடியது!

"வந்துடுச்சு சார்! ரீஸ்டார்ட் பண்ணாமலே வந்துடுச்சு!"

சார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கோபமா சிரிப்பா, தெரியவில்லை. "கடைசியா ஒண்ணு. இந்த வேலையை உங்களுக்கு நாங்க ஏன் குடுக்கணும்?" என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை நான் தொடங்குவதற்குள், என் தோளுக்கு மேலே காந்திமதி அக்கா தலையை நீட்டினார்.

"சார், யோசிச்சினு இருக்காம வேலையக் குடுத்துடு சார்! இந்த கீபோர்ட எடுத்துனு நாங்க போவணும். பாலு திரிஞ்சிடும்!"

சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை நான் உரக்கடையில் உட்காரவில்லை.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் பழுதைச் சரிசெய்துதான் எழுந்தேன். அந்தத் திறமைக்குத்தான் வேலை கிடைத்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஊரில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்று கேனோடு வந்த அத்தனை பேரும், தாங்கள்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாக நம்புகிறார்கள். ஆகவே மக்கர் செய்கிற போன், ரிமோட் எல்லாம் உரிமையோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

போன வாரம் ஒருவர் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, நான் கம்ப்யூட்டர் பாக்குறவ" என்றேன். அவர் அப்பாவிடம் திரும்பினார்.

"இன்னாபா, நாம வாங்கிக் குடுத்த வேலதான? மிக்சி பாக்க மாட்டாளாமே?"

அப்பா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "பாத்துக் குடுத்துடும்மா. கேனத் தூக்கினு கூட்டமா போயி, வேலையத் திருப்பி வாங்கிடப் போறாங்க."