பிஸ்கட் டின்னில் இருந்த அறிவு

இந்த ஃபிஜி நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று நான் மூன்று முறை சபதம் செய்தவன். எண்பத்தேழு மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஒரு தடவை. செப்டம்பரில் அதே ராணுவம் மறுபடி பிடித்தபோது இன்னொரு தடவை. இரண்டு ராணுவப் புரட்சியாலும் என்னை அசைக்க முடியவில்லை. மூன்றாவது சபதத்தை என் மனைவி சுஷீலா ஒரு கத்திரிக்கோலால் முடித்துவைத்தாள்.

நான் பாலசுப்பிரமணி. தலைநகர் சுவாவில் ஒரு மரக்கடை ஆபீசில் குமாஸ்தா. வீடு நசினுவில். மெலிந்த தேகம், தடித்த அகராதி. எங்கள் சந்தில் என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. தினமும் இங்கிலீஷ் பத்திரிகையில் வருகிற குறுக்கெழுத்துப் புதிரைப் பத்தே நிமிஷத்தில் போட்டு முடிப்பேன். அதுவும் பேனாவால். அடித்தல் திருத்தல் கிடையாது. முடித்த பிறகு கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்வேன். மினிபஸ்ஸில் ஏறினால் நாலு பேர் நகர்ந்து இடம் கொடுத்து, "மாஸ்டர், ஏழாம் நம்பர் என்ன?" என்று கேட்பார்கள். ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண் ஷமிதா கல்யாணமாகி ஆக்லாந்தில் இருக்கிறாள். மாதம் ஒரு பார்சல் கப்பலில் அனுப்புவாள். பால் பவுடர், கம்பளி, சீஸ், சோப்பு. ஒவ்வொன்றையும் அந்த ஊர்ப் பழைய பத்திரிகையில் சுற்றியிருப்பாள். ஒருநாள் பால் பவுடரைப் பிரித்தபோது சுற்றியிருந்த தாளில் ஒரு புதிரைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கட்டம். அன்று காலை எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த அதே புதிர்! அங்கே வந்த புதிரைத்தான் எங்கள் பத்திரிகை இரண்டு மாதம் கழித்துப் போடுகிறது. சோப்பைச் சுற்றியிருந்த மறுநாள் தாளில் விடை முழுவதும் அச்சாகியிருந்தது.

அன்றிலிருந்து நான் மேதை.

தாள்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அன்றைய தாளையும் அதன் விடைத் தாளையும் இடுப்பில் கட்டிய சுலு வேட்டியின் மடிப்பில் செருகிக்கொண்டு குளிக்கப் போவேன். கேள்வியையும் விடையையும் மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வருவேன். சுஷீலா ஆறு மணிக்கே மூலைக் கடையில் ரொட்டியும் பத்திரிகையும் வாங்கி வந்து, பத்திரிகையை நாலாக மடித்து மேஜைமேல் வைத்திருப்பாள். கட்டம் மட்டும் மேலே தெரியும். எனக்கு அது போதும். ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. அகராதிக்குள் ஒரு பென்சில் வைத்திருந்தேன். நான் பேனாக்காரன், அதைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அது தானாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

விடை டின்னில் கிடைத்தது. விளக்கம் எந்தப் பார்சலிலும் வரவில்லை. அதை நான்தான் சொந்தமாகத் தயாரிக்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அப்பல்சாமி மினிபஸ் டிரைவர். காலையில் முதல் ட்ரிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் டீ குடிக்க வருவான். அவன்தான் என் முதல் சிஷ்யன்.

"மாஸ்டர், இது என்ன, 'நார்வே இன்லெட்'டு?"

"ஃபியோர்டு."

"இன்லெட்டுன்னா எஞ்சின்ல காத்து உள்ள போற வழியாச்சே."

"கரெக்ட்! எஞ்சின் எதுல இருக்கும்?"

"கார்ல."

"என்ன கார்?"

"அரே! ஃபோர்டு! ஆனா நீங்க ஃபியோர்டுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நார்வேல பயங்கர குளிருப்பா. நடுங்கிக்கிட்டே சொல்லுவாங்க. ஃபி... ஃபி... ஃபியோர்டுன்னுதான் வரும்."

அப்பல்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுப்படியில் சுஷீலாவுக்கு இருமல் வந்தது. அவளுக்கு நான் விளக்கம் சொல்லும்போதெல்லாம் இருமல் வரும். புகை என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஷமிதா முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்தது. கூடவே நாங்கள் அங்கே குடியேற விண்ணப்பப் பாரமும். நான் அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன். சுஷீலா எடுத்து மேஜைமேல் வைப்பாள். நான் மறுபடி செருகுவேன். இரண்டு மாதம் அந்தப் பாரம் வீட்டுக்குள்ளேயே பிரயாணம் செய்தது.

"என்னாங்க, ஒரு கையெழுத்து தானுங்களே."

"முடியாது. பொறந்த மண்ணு."

"வழியில ரெண்டு எடத்துல சிப்பாயி உங்க பைய கொட்டி பாக்கறான்."

"பாக்கட்டுமே. அகராதியும் ரொட்டியும்தானே இருக்குது."

"ஞாயித்துக்கெழம பஸ்ஸு கூட ஓடக்கூடாதுங்கறான்."

"ஞாயித்துக்கெழம பேப்பரும் இல்ல. நான் எங்க போகப் போறேன்?"

அவள் பாரத்தை மறுபடி எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்கள அசைக்க என்னதாங்க வழி?"

கர்வம் என் வாயைத் திறந்துவிட்டது. "என்னைக்கு நான் கட்டத்த முடிக்காம வுடறேனோ, அன்னைக்கு கையெழுத்து போடறேன். போதுமா?"

"முடிக்காம வுட்டாத்தானா? கேள்வியப் பாக்காம கொள்ளாம, பொய்யா முடிச்சா?"

"என்னப் பாத்து இப்படி ஒரு கேள்வியா! பொய்யா முடிச்சாலும் தோத்ததுதான். எழுதி வச்சுக்க."

"அப்பறம் பேச்சு மாறக்கூடாது" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டின்னில் இன்னும் ஐம்பது நாளுக்குத் தாள் இருந்தது.

நாலு நாள் வெற்றி. ஐந்தாம் நாளும் குளித்துவிட்டு வந்தேன். பத்திரிகை மடித்தபடி இருந்தது. பேனாவைத் திறந்தேன். ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாக நிரப்பினேன். அப்பல்சாமி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று எனக்கு நல்ல வேகம். பதினாலாம் எண், மேலிருந்து கீழ், 'இத்தாலிய எரிமலை'. எட்னா. "எட்டுனா தொட்டுடலாம், அவ்வளவு சின்ன மல" என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். அப்பல்சாமி ஆனந்தமாகப் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அதுவரை சுஷீலா அடுப்படியைவிட்டு வரவில்லை. பஸ் சத்தம் அடங்கியதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"ஒம்பது நிமிஷம்."

"மேலேருந்து கீழயும்?"

"மேலேருந்து கீழ, கீழேருந்து மேல, எல்லாம் ஆச்சு."

"அந்தப் பதினாலாவது கேள்விய ஒரு தடவ படிங்களேன், கேப்போம்."

மடிப்பைப் பிரித்தேன். மேலிருந்து கீழ்க் கேள்விகள் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விகள் இல்லை. தாளே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக என் மனைவியின் முகம் தெரிந்தது.

"பின்பக்கம் சோப்பு கூப்பன் இருந்திச்சு, வெட்டினேன்" என்றது முகம்.

"எப்ப?"

"ஆறு மணிக்கு. நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

கேட்காத பதிமூன்று கேள்விக்கு நான் பதில் எழுதியிருந்தேன். எழுதியது போதாதென்று ஒரு பஸ் டிரைவருக்கு எரிமலையை வேறு காட்டியிருந்தேன்.

"அது வந்து சுஷீலா... ரொம்ப வருஷ அனுபவம்... கட்டத்தப் பாத்தாலே கேள்வி என்னன்னு..."

அவள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நான் பேனாவை மூடினேன்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"இந்த டின்ன உங்களுக்கு யாரு குடுத்தா?"

"...நீதான்."

"தாளுங்கள தேதிவாரியா அடுக்கி வச்சது யாரு?"

"அது தானா அப்படி இருந்திச்சே!"

"தாளு தானா அடுக்கிக்குமா?" என்று கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியது. "மே மாசம் அந்தக் கலாட்டாவுக்கு அப்பறம் நீங்க வீட்டுல பேசவே இல்ல. ஆபீசுக்கு போறது, வர்றது, சொவத்தப் பாக்கறது. எனக்கு பயமா போச்சு. அப்பறம் அந்தப் பால் பவுடர் தாள பாத்துட்டு சிரிச்சீங்க பாருங்க, அன்னைக்கே ஷமிதாவுக்கு எழுதினேன். எத அனுப்பினாலும் புதிர் தாளுல சுத்தி அனுப்பு, ஒருநாள் வுடாம அனுப்புன்னு. பாவம், அவ புருஷன் பேப்பர படிச்சு முடிக்கறதுக்குள்ள புடுங்கி வைக்கறாளாம்."

என் அறிவு முழுவதையும் என் மனைவி கப்பலில் வரவழைத்திருக்கிறாள். ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் அப்பல்சாமி போகும்வரை காத்திருந்திருக்கிறாள்.

அப்போதுதான் உள்ளதைச் சொன்னேன். "அங்க போனா நான் யாரு சுஷீலா? இங்க மாஸ்டரு. பஸ்ஸுல ஏறினா நாலு பேரு எடம் குடுக்கறான்."

"நாலு பேரா? எண்ணுங்க."

எண்ணினேன். யோகேந்திரா சிட்னிக்குப் போய்விட்டான். சலேஷ் வான்கூவரில் இருக்கிறான். தேவேந்திரா போன மாதம்தான் வீட்டைப் பூட்டினான்.

"அப்பல்சாமி இருக்கானே!"

"அவரும் பாரம் போட்டுட்டாருங்க. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு டீய மட்டும் குடிச்சிட்டு போறாரு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு வலியில கத்தறப்ப நான் பக்கத்துல இருக்கணுங்க. நீங்க இல்லாம நான் போகவும் மாட்டேன்."

இதற்கு எந்த டின்னிலும் பதில் கிடையாது. பாரத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் எல்லாம் ஏற்கெனவே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. போட்டேன்.

ஆக்லாந்து வந்துசேர்ந்தோம். பேத்தி பிறந்தாள். சுஷீலா பக்கத்தில் இருந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது, என்னைத் தவிர. காலையில் பத்திரிகை வந்தது. புத்தம்புது புதிர். இதே புதிர் இரண்டு மாதம் முன்பே வந்த பத்திரிகை உலகத்தில் எங்குமே கிடையாது. நான் கட்டத்தைப் பார்த்தேன். கட்டம் என்னைப் பார்த்தது. நான் மேதை இல்லை என்பது அந்தக் கட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. அகராதியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் டீயோடு மளிகை நோட்டையும் கொண்டுவந்து வைத்தாள் சுஷீலா. நசினுவிலிருந்து கூடவே வந்த நோட்டு. புரட்டினேன். வெங்காயம், துவரம்பருப்புக்கு நடுவில் பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள். எல்லாம் பென்சிலில். காலை ஆறு மணிக்கு, நான் எழுந்திருப்பதற்கு முன்னால், எந்தத் தாளையும் பார்க்காமல், அவளே போட்டது.

எலி இல்லை.

"ஃபியோர்டுன்னா கடலு நெலத்துக்குள்ள நொழையற எடங்க" என்றாள், கோபமே இல்லாமல். "அகராதிலயே இருக்குது."

கடைசிப் பக்கத்தில் இன்றைய புதிர். எல்லா விடையும் நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டத்தொடர் மட்டும் காலி.

"இது உங்களுக்கு" என்று குட்டைப் பென்சிலை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

'தற்காலிக வீடு', நான்கு எழுத்து. முதலில் எனக்குத் தோன்றியது ஃபிஜி. இங்கிலீஷில் எண்ணினால் நான்கு எழுத்துதான். எழுதப் போய், குறுக்கே வருகிற எழுத்தோடு சேரவில்லை என்று கண்டேன். சேராததில் எனக்குச் சந்தோஷம்தான். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. டீ ஆறியது. சாப்பாடு ஆயிற்று. எழுதினேன், அழித்தேன். அழிப்பது எப்படி என்பதையே அன்றுதான் கற்றுக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு, ஐம்பத்தெட்டு வயதில், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விடையை நானே கண்டுபிடித்தேன்.

"சுஷீலா! டெண்ட்டு! கூடாரம்! ஏன் கூடாரம்னா, சொல்றேன் கேளு..."

அடுப்படியிலிருந்து இருமல் வரவில்லை, குரல்தான் வந்தது.

"வெட சரிங்க. வெளக்கம் மட்டும் வேணாம்."