கோவில்பதாகைக்கு முதலிடம்

மோட்டார் விளையாட்டின் உலக வரலாற்றை என்றைக்காவது ஒருவர் நேர்மையாக எழுதுவாரானால், ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்சின் தென்கடற்கரைக்கும் பக்கத்திலேயே கோவில்பதாகைக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டி மகிழ்வதற்கு ஏற்ற வட்டாரம் என்று 1971ஆம் ஆண்டில் முறைப்படி ஆராயப்பட்டு, ஒருமனதாக முதலிடம் பெற்ற ஊர் அது. பஸ்ஸே போகாத ஊருக்கு இந்தச் சிறப்பு கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் நம் தொழிலதிபர்களின் தொலைநோக்கு விளங்கும்.

அந்தச் சிறப்பைத் தேடிக் கொடுத்தவன் உத்தமன். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் கேட்டது ஒரு வேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்துகொண்டிருந்த 'பிரகதி' கம்பெனியில் உத்தமன் டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலைச் சங்கு ஊதி முடிந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வது அவன் வேலை. மூன்று முறை பெயர் விழுந்தால் அரை நாள் சம்பளம் போயிற்று. இப்படிப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவனுடைய சொந்த ஊரான கோவில்பதாகைக்காரர்கள். ஏரிக்கரை வழியாக ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, பாசஞ்சர் ரயில் பிடித்து வருகிறவர்கள். ரயில் தன் மனம்போல் வரும். சங்கு கம்பெனியின் மனம்போல் ஊதும். நடுவில் மாட்டிக்கொண்டவன் உத்தமன்.

"எங்க பேரை எய்தறதுக்குன்னே உங்க நைனா உன்னைப் படிக்க வெச்சாரு போலக் கீது" என்பாள் முனியம்மா, தெருக் குழாயடியில். அவள் புருஷன் நாகப்பன் பெயர் அந்த மாதம் இரண்டு முறை விழுந்திருந்தது.

ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் உத்தமன் வேன் கேட்டான். முதலாளி ஜானகிராமன் மறுக்கவில்லை. "ஆவன செய்யப்படும்" என்றார். பத்து மாதம் கழித்து, "வாகனம் வந்துவிட்டது, காலையில் எல்லோரும் முற்றத்தில் கூடவும்" என்று சொல்லி அனுப்பினார். உத்தமன் அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். லேத்து மிஷினில் வேலை பார்த்த துலுக்கானம், சக்கரத்தின் கீழே வைக்க எலுமிச்சம்பழமும் சுற்றி உடைக்கப் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தான்.

முற்றத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு கார் நின்றது. இரண்டே இருக்கை. கூரை இல்லை. தரையோடு தரையாக, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றார் ஜானகிராமன்.

"ரொம்ப அழகா இருக்கு சார். வேன் பின்னால வருதுங்களா?"

"வேனா? உத்தமன், வேன்ங்கிறது போய்ச் சேர்றதுக்கு. இது போறதுக்கு."

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அதை வாங்கியிருந்தார். இருக்கைக்கு அடியில் துரை மறந்துவிட்டுப் போன பத்திரிகை ஒன்று கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்கு உலகத்தில் எந்த வட்டாரம் இன்பமானது என்று அதில் ஒப்பிட்டிருந்தார்கள். ஜானகிராமனுக்கு அதைப் படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை.

"ஆல்ப்ஸ்ல வளைவு ஜாஸ்திங்கறான். ஸ்காட்லாந்துல மழைங்கறான். நம்ம பக்கத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது. ஏன்?"

"அவங்களுக்கு வழி தெரிஞ்சிருக்காது சார்" என்றார் மேனேஜர் பக்தவத்சலம். முதலாளி கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஆறுதல் இருக்கும்.

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜானகிராமன் தலைவர், பக்தவத்சலம் உறுப்பினர். 'வாகன விஷயத்தில் முன்பே ஆர்வம் காட்டியவர்' என்பதால் உத்தமன் செயலாளர். அம்பத்தூர், பூந்தமல்லி, ஆவடி, கோவில்பதாகை ஆகிய நான்கு வட்டாரங்களையும் ஒப்பிட வேண்டும். தொழிலாளர்களின் கோரிக்கையும் மறக்கப்படவில்லை.

"எந்த வட்டாரம் முதல்ல வருதோ, அந்த வட்டாரத்துக்கு வேன்" என்றார் ஜானகிராமன். "திறமைக்குத்தான் முன்னுரிமை."

ஆராய்ச்சிக்கு இருந்த ஒரே இடையூறு, கார் ஓடாது என்பது. கிளம்பும், சிங்கம்போல் உறுமும், நாலு தெரு தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். மெக்கானிக் சுலைமான் பானெட்டைத் திறந்து பார்த்து, மரியாதையாக மூடினார்.

"இதுக்கு சாமான் லண்டன்லேர்ந்துதான் வரணும் சார்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க இங்கேயே இருக்கலாம் சார்."

கார் 'நின்றுவிட்டது' என்று சொல்லக் கூடாது என்று பக்தவத்சலம் உத்தரவு போட்டார். 'இளைப்பாறுகிறது' என்றே சொல்ல வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் அதை வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள்.

முதல் சோதனை அம்பத்தூரில். ஏரி ஓரத்து இரண்டாவது வளைவிலேயே கார் இளைப்பாறியது. அடுத்த ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலாளர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உற்சாகமாகத் தள்ளினார்கள். ரயில்வே கேட்டுக்குள் பாதிக் கார் நுழைந்த நேரத்தில் எங்கோ ஒரு கம்பெனிச் சங்கு ஊதியது. அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் காரை விட்டன. மறு நிமிஷம் ரோட்டில் ஓர் ஆள் இல்லை. தண்டவாளத்துக்கு நடுவே முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். கேட் கீப்பரும் உத்தமனும் பக்தவத்சலமும் சேர்ந்துதான் கரையேற்றினார்கள். "தொழில் பற்று அதிகம், ரசனை குறைவு" என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

பூந்தமல்லிக்காரர்களின் ரசனையில் குறையே இல்லை. அங்கே தள்ள வந்த ஒவ்வொருவரும் முதலில் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். லாரி டிரைவர், சைக்கிள் கடைக்காரர், வெற்றிலை வாங்க வந்தவர் என்று ஆளாளுக்கு உள்ளே கைவிட்டு ஏதோ ஒன்றைக் கழற்றினார்கள். மாட்டும்போது ஒன்று அதிகமாக இருந்தது. கடைசியில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்த மாட்டுவண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். கூரையில்லாத காரில் முதலாளியின் முகத்தில் கீரை உரசிக்கொண்டே வந்தது. "இயற்கைக் காட்சி தேவைக்கு மேல் பக்கத்தில் இருக்கிறது" என்றார்.

ஆவடியில் கார் இளைப்பாறிய இடம் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸ். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் லுங்கி கட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏல, சும்மா பாத்துக்கிட்டு நிக்கே? தள்ளுல!"

"ஏனுங்க, பின்னால தள்ளிப் பார்த்தா எடுக்குமுங்க."

"என்னண்ணே, முன்னால போற வண்டியப் பின்னால தள்ளச் சொல்றீக!"

டாங்கி செய்கிற கைகளுக்கு அந்தக் கார் ஒரு பொம்மை. மூன்று ஜில்லாக்களும் ஒத்துப்போன ஓர் அபூர்வமான நேரத்தில் கார் நேர் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜானகிராமன் கண்ணை மூடிக்கொண்டார். தலைமுடி காற்றில் பறந்தது.

"சத்தம் இல்லை… புகை இல்லை… காத்து மட்டும். உத்தமன், இதுதான் டிரைவிங்!"

கூடவே ஓடி வந்த உத்தமன் அந்த முகத்தைப் பார்த்தான். அடுத்த முனையில் காவல்காரர் பாஸ் கேட்டு நிறுத்தியதால் இன்பம் அறுந்துபோனது. ஆவடியின் வாய்ப்பும் போயிற்று. ஆனால் உத்தமனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அன்று மாலை கோவில்பதாகைக் கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டினான்.

"வேன் இன்னாச்சு?" என்றான் துலுக்கானம்.

"வேன் கீது மச்சான். ஆனா மொதல்ல மொதலாளி நம்மூர்ல ஜாலியா கார் ஓட்டணும்."

"ஓட்டட்டும். யாரு வேணான்னாங்க?"

"அது ஓடாது."

"ஓடாத காரை எப்டிடா ஓட்டுவாரு?"

"அவரு ஓட்டுவாரு. நாமதான் ஓடணும்."

துலுக்கானம் யோசித்தான். ஆடித் திருவிழாவில் அம்மனைத் தோளில் தூக்கும் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவன் குரலுக்குப் பதினாறு கால்களும் ஒரே கால்போல் எட்டு வைக்கும். அம்மன் கழுத்து மாலையில் ஒரு பூ உதிராது என்பது ஊரின் பெருமை.

"ஆத்தாளையே அலுங்காம தூக்கிகினு போறோம். இவரு இன்னா, சக்கரம் வெச்ச சாமிதானே?"

"ஆத்தா வருசத்துக்கு ஒரு தபா வந்தாலும் வரம் குடுக்கறா" என்றாள் முனியம்மா. "இவரு இன்னா குடுப்பாரு?"

"வேன் குடுப்பாரு, முனிம்மாக்கா."

"பாக்கலாம். எத்தினியோ சாமி பாத்துட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. ஏரிக்கரை ஏறியதும் கார் வழக்கம்போல் இளைப்பாறியது. துலுக்கானம் குரல் கொடுத்தான். எட்டுப் பேர்: பின்னால் நால்வர், பக்கத்துக்கு இருவர். மேடும் பள்ளமுமான மண்ரோடு முதலாளிக்குத் தெரியவே இல்லை. இடது பக்கம் ஏரி, வலது பக்கம் நாற்றங்கால், முகத்தில் ஈரக்காற்று. "ஆல்ப்ஸ்… ஆல்ப்ஸ்…" என்று அவர் முனகியதைப் பக்தவத்சலம் கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு தவறு நேர்ந்தது. கோயில் மூலைக்கு வந்ததும் கால்கள் பழக்கதோஷத்தில் வலம் போகத் திரும்பிவிட்டன. கார் கோயிலைச் சுற்றி, வீதியில் வீட்டுக்கு வீடு நின்றது. பெண்களும் பழக்கதோஷத்தில் தேங்காயும் கற்பூரமுமாக வந்தார்கள். முனியம்மா மஞ்சள் தண்ணீரை டயரில் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதல் வீதியில் ஜானகிராமன் திகைத்தார். இரண்டாம் வீதியில் புன்னகைத்தார். மூன்றாம் வீதியில் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

அங்கேயே முடிவு அறிவிக்கப்பட்டது. கோவில்பதாகைக்கு முதலிடம்! துலுக்கானம் உத்தமனைத் தூக்கிச் சுற்றினான். தெருக்குழாயடியில் அன்று உத்தமன் மனைவி வசந்தகுமாரியின் குடத்துக்கு முதல் தண்ணீர் விட்டார்கள்.

"அப்ப வேன் சார்?" என்றான் உத்தமன்.

"நிச்சயம். ஒரே ஒரு நடைமுறை பாக்கி. இந்த ஊர்லேர்ந்து நம்ம கேட்டுக்குக் காலைச் சங்குக்கு முன்னால ஒரு வண்டி வந்து சேர முடியுமான்னு பாக்கணும். முடிஞ்சா வேனால பிரயோஜனம் உண்டு. நாளைக்கே பாத்துடலாம்."

"எந்த வண்டி சார்?"

"இதுதான்."

கார் அன்றிரவு கோயில் வாசலிலேயே இளைப்பாறியது. மறுநாள் விடிவதற்கு முன்பே முதலாளி டாக்ஸியில் வந்து இறங்கி, டாக்ஸியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தார். பிரகதியில் வேலை பார்த்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உத்தமனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அன்று யாரும் ரயிலுக்குப் போகவில்லை. வேனுக்காக ஒரு நாள் தள்ளினால் என்ன?

ஆவடி தாண்டியது. திருமுல்லைவாயில் தாண்டியது. ஆள் மாற்றி ஆள் தள்ளினார்கள். "அலுங்காம! அலுங்காம!" என்று துலுக்கானத்தின் குரல் மட்டும் தளரவில்லை. முதலாளி ஒருமுறை ஹார்ன் அடித்தார். காரில் அது ஒன்று மட்டும் வேலை செய்தது.

அம்பத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களின் கண்ணெதிரே, அவர்கள் தினமும் வரும் பாசஞ்சர், அந்த வருஷத்திலேயே முதல்முறையாகச் சரியான நேரத்துக்குப் போயிற்று. ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான்:

"இன்னா மாமே, இன்னிக்கு இன்னா திருநாளு? எந்த சாமி இது?"

"வேன் குடுக்கற சாமிடா!" என்று நாகப்பன் திருப்பிக் கத்தினான்.

கேட் திறந்தது. இனி ஓட்டம்தான். வேர்வையில் கை வழுக்கியது. செருப்புகள் ரோட்டோடு தங்கின. தொழிற்பேட்டை முனை, தண்ணீர்த் தொட்டி, அதோ பிரகதி! சங்கு இழுக்க ஆரம்பித்தது. "உடாதே! உடாதே!" என்று உத்தமன் அலறினான். எல்லோரும் மார்பைக் கொடுத்து ஒரே தள்ளு. கார் கைகளை விட்டுப் பிரிந்து, கேட்டைத் தாண்டி, முற்றத்தில் உருண்டு, வேப்பமர நிழலில் போய் நின்றது. சங்கும் நின்றது.

தள்ளியவர்கள் குப்புற விழாமல் சமாளித்து நிமிர்வதற்குள் வாட்ச்மேன் வீராசாமி, கடமை தவறாதவர், கேட்டை இழுத்து மூடினார்.

உள்ளே ஜானகிராமன் இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பிக்கு வெளியே மூச்சு இரைக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"பாத்தீங்களா பக்தவத்சலம், வண்டி சரியான நேரத்துக்கு வந்துடுத்து. ஆட்கள்தான் வரலை. இவங்களுக்கு வேன் வாங்கி என்ன பிரயோஜனம்? உத்தமன், பேரையெல்லாம் குறிச்சுக்கோங்க. உங்களதையும் சேர்த்து."

அவர் உள்ளே போய்விட்டார். துலுக்கானம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைத் திரட்டிக் கேட்டான்.

"இன்னா மச்சான் சொல்லிட்டுப் போறாரு?"

உத்தமன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"வண்டி நல்லாத்தான் கீதாம். நாமதான் ரிப்பேராம்."