அடுத்த அறையிலிருக்கும் மாப்பிள்ளைக்கு, ராட்சதனின் கதவு விஷயமாக

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் வீட்டுக் கூடத்து சோபாவிலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் இடது முழங்கால், அதற்குள் டாக்டர் வைத்த புது மூட்டு, மூவரும் சௌக்கியம். சுவருக்கு அந்தப் பக்கம் தாங்கள் சௌக்கியமாக இல்லை என்பதை மூன்று நாளாகத் தொட்டும் தொடாமலும் திரும்பி வருகிற சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிற மனிதனுக்கு எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். என்னைக் கேட்க மாட்டீர்கள். என் மகளைத்தான் கேட்பீர்கள், அவள் வந்து என்னைக் கேட்பாள், நான் அவளிடம் பதில் சொல்வேன், அவள் அதைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாள். கல்யாணமாகி ஏழு வருஷமாக நம் இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்து அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. தவிரவும் இது அவள் வாயால் சொல்லக்கூடிய விஷயமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாம் நேருக்கு நேர் பேசியதெல்லாம் இரண்டே வாக்கியம். "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை." மற்றதெல்லாம் தபால்தான். போன மாதம் டிவி ரிமோட் தங்கள் கையில், நான் இரண்டடி தள்ளி சோபாவில். "அப்பாவுக்கு இந்தச் சத்தம் போதுமான்னு கேளு" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டீர்கள். நானும் சமையலறையைப் பார்த்து "போதும்னு சொல்லும்மா" என்றேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் அவள் காதில் இரண்டுமே விழவில்லை. இது மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் முன்பு ஆபரேஷன் முடிந்து இந்த சோபாவில் என்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் தாங்கள் அனிமே என்கிற அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் போட்டீர்கள். அறுபது மாடி உயர இரும்பு ராட்சதன், அவன் நெஞ்சுக்குள் ஒரு கதவு, அதற்குள் உட்கார்ந்து அவனை ஓட்டுகிற ஒரு பெண். மரியாதையாக எழுந்து போயிருப்பேன், ஆனால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும், தங்களிடம் உதவி கேட்க வேண்டுமென்றால் மகள் வீட்டில் இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் பார்த்தேன். மறுநாளும் வழியில்லை. மூன்றாவது வாரம் நடக்க ஆரம்பித்துவிட்டேன், வழி தாராளமாக இருந்தது, ஆனால் தொடர் போடும் நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே தலையைப் படிய வாரிக்கொண்டு சோபாவில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது யார் என்று தங்களுக்கே தெரியும். அறுபத்தேழு வயது.

பதினேழாம் பகுதியில்தான் என் அழிவு ஆரம்பித்தது. சண்டை முடிந்து ராட்சதன் கடலில் இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்கிறான். கதவு மூடிக்கொள்கிறது. அந்தப் பெண் வெளியே வரவேயில்லை. அடுத்த இருபது பகுதிக்கும் வரவில்லை. அவள் செத்துவிட்டாள், துக்கம் தாங்காமல் ராட்சதன் தனக்கென்று ஒரு இதயம் முளைத்துத் தானே நடக்கிறான் என்று ரசிகர்கள் சொல்வதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன் நான். அந்தக் கதவு மூடும்போது 'டக்' என்று ஒருமுறை அல்ல, இரண்டு முறை சத்தம் வந்தது. இடதுபக்கம் இரண்டு விரல் இடைவெளி. உலகத்தில் எந்தக் கதவாக இருந்தாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். சிக்கிக்கொண்டுவிட்டது. அவள் உள்ளே உயிரோடு இருக்கிறாள், வெளியிலிருந்து யாராவது போய்த் திறக்க வேண்டும், போகத்தான் ஆள் இல்லை.

இதைத் தங்களிடம் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று வந்தது. ஏழு வருஷத்தில் அது நம் மூன்றாவது வாக்கியம். அதற்கே தாங்கள் மிரண்டுபோய் ஜன்னலைச் சாத்தினீர்கள்.

சொல்லாமல் அடக்கினால் வயிறு உப்புகிற ஜாதி நான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் சொன்னேன். அவளும் அந்தத் தொடருக்குப் பைத்தியம். காலைத் தூக்கச் சொல்வதை மறந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் என் போனை வாங்கி ஒரு ரசிகர் குழுவில் சேர்த்துவிட்டாள். புனைபெயர் வேண்டுமாம். ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் என்னை அழைத்த பெயரையே கொடுத்தேன்: எண்ணெய் டப்பா. வேலை என்ன என்பதை எங்கும் சொல்லவில்லை, ஓய்வு பெற்ற அதிகாரி கார்ட்டூனைப் பற்றிக் கருத்துச் சொல்வது அழகில்லை என்று. கதவுகளோடு பழகியவன் என்று மட்டும் போட்டேன். எல்லோரும் என்னைத் தச்சன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே மாதிரிதான். "பொருள்: ராட்சதனின் மார்புக் கதவு தொடர்பாக. பார்வை: பதினேழாம் பகுதி" என்று ஆரம்பித்து, மேற்படி கதவு, மேற்படி இடைவெளி, மேற்படி சத்தம் என்று ஒன்றரைப் பக்கம் அறிக்கை எழுதி, கீழே "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்தேன். பத்து நிமிஷத்தில் அந்தக் குழுவின் நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது. பெயர் இரும்புத்தலை. நான்கு வருஷமாக நாற்பத்திரண்டு பாகத்தில் அந்த இதய தியரியை எழுதி வளர்த்த ஆள் அவர்தானாம். "யோவ் தச்சரே, இது என்ன பீரோவா, கதவு சிக்கறதுக்கு? இது காவியம்யா" என்று எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "தங்கள் தலையில் இரும்பு இருப்பது உறுதியாகிறது. வேறு எதுவும் இருப்பதாக மேற்படி பரிசோதனையில் தெரியவரவில்லை" என்று பதில் போட்டேன். அவர் என் அறிக்கையை நீக்கினார். நீக்கியதுதான் தாமதம், குழு இரண்டாக உடைந்தது. கதவுக் கட்சி, இதயக் கட்சி. நான் பாட்டுக்கு முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறேன், கதவுக் கட்சிக்கு நான் தலைவர். ஒருவர் தன் வீட்டுக் குளியலறைக் கதவும் 'டக் டக்' என்கிறது, உள்ளே போகலாமா என்று என்னைக் கேட்டார். எண்ணெய் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

இதற்கு நடுவில்தான் ஒரு விபரீதம் நடந்தது. இரும்புத்தலை என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தார். நானும் தனியாகத் திட்டினேன். இரண்டு வாரத்தில், அவர் திட்டு வரவில்லையென்றால் எனக்கு டீ இறங்கவில்லை. "எங்கய்யா ஆளைக் காணும், கட்டில் அடிக்கப் போயிட்டியா?" என்பார். "சாப்பிட்டு வந்து உம்மைக் கவனிக்கிறேன்" என்பேன். "நல்லா சாப்பிட்டு வா, தோக்கறதுக்குத் தெம்பு வேணும்" என்பார். ஒருநாள் நான் எழுதியதற்குச் சத்தம்போட்டுச் சிரிக்க வந்ததாகவும், வீட்டில் ஒரு பெரியவர் இருப்பதால் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டதாகவும் எழுதினார். அதற்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "அப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சியை ஏன் ஐயா வீட்டில் வைத்திருக்கிறீர், ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பும்." மூன்று மாதமாகத் தங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, தங்கள் சோபாவில் படுத்துக்கொண்டு, என்னைத் துரத்தச் சொல்லி நானே யோசனை கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளைத் தாங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நிர்வாகியை மாற்ற வேண்டும் என்று கதவுக் கட்சி ஓட்டெடுப்பு வைத்தது. நானும் குத்தினேன். பயிற்சிப் பெண்ணின் போனை வாங்கி இன்னொன்றும் குத்தினேன். ஜெயித்தோம். அந்த மிதப்பில் மகளைக் கூப்பிட்டு, டாக்டர் சரி என்றுவிட்டார், வியாழக்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஊருக்குக் கிளம்புகிறேன் என்றும் சொன்னேன். அன்று இரவுதான் தங்கள் தட்டு முதல்முறையாகத் திரும்பி வந்தது. மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது மகள் சொன்னாள்:

"அவருக்கு மனசு சரியில்லப்பா. அஞ்சு வருஷமா ஒரு குழு நடத்திட்டிருந்தார். ஒரு கிழவன் உள்ள பூந்து அவரை வெளிய தள்ளிட்டானாம்."

"கிழவன்னு எப்படித் தெரியும்?" என்றேன். எனக்கு எங்கேயோ உறுத்தியது.

"எழுதறதுக்கெல்லாம் கீழ 'தங்கள் உண்மையுள்ள'ன்னு போடறானாம்ப்பா. யாருப்பா இந்தக் காலத்துல அப்படிப் போடறா?"

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அவள் மூட்டு வலி என்று நினைத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை, நான்தான் அந்தக் கிழவன். மூன்று நாளாக இதை மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். தலையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு பாகத்தையும் எடைக்குப் போடச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது ஓட்டையும்தான். கதவு விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கக் கை வரவில்லை. ஓடாத லிஃப்டை ஓடுகிறது என்று என் சர்வீஸில் ஒருநாள் கையெழுத்துப் போட்டதில்லை, மேலதிகாரி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டும் போட்டதில்லை. அந்தக் கதவு சிக்கித்தான் இருக்கிறது. அதற்காகத் தாங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளலாம்.

உள்ளதைச் சொல்கிறேன். தங்கள் அத்தை போய் நாலு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த இரும்புத்தலையோடு பேசும்போதுதான். அவர் யார் என்று தெரிந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. நான் யார் என்று தெரிந்தால் தாங்கள் இனி "யோவ்" என்று சொல்ல மாட்டீர்கள், "சாப்டீங்களா மாமா" என்றுதான் சொல்வீர்கள். சிநேகிதனும் போய்விடுவான், அவமானத்தில் மாப்பிள்ளையும் முகம் கொடுக்கமாட்டார். ஆனாலும் சொல்லாமல் வியாழக்கிழமை வண்டியேறினால் மனசு ஆறாது. படித்துவிட்டுத் தாங்கள் என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுகிறேன். பதிலை மகளிடம் சொல்லி அனுப்பவும்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், என் மகளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையும், கடலில் நிற்கிற அந்த ராட்சதனுக்கு ஒரு நல்ல மெக்கானிக்கும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

தங்கள் உண்மையுள்ள (இதை இனி எங்கும் போடமாட்டேன்),
மாமனார்

பின்குறிப்பு: மேற்படி கடிதம் ரத்து. இதைத் தாங்கள் படிக்கப் போவதில்லை, ஆனாலும் தொடங்கியதை முடித்து வைக்காமல் விட எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து, குனிய முடியாததால் கைத்தடியால் கதவுக்கடியில் தள்ளலாம் என்று எழுந்தபோது போன் முனகியது. இரும்புத்தலை. "யோவ் தச்சரே, குழு போனாப் போகுது, நீ ஜெயிச்சதாவே இருக்கட்டும். அதுக்காக நான் சோறு திங்கலைன்னு வீட்ல நினைச்சிட்டிருக்காங்க. அது இல்லய்யா. பெரியவர்னு சொன்னேன்ல, என் மாமனார். வியாழக்கிழமை ஊருக்குப் போறார். தனியா இருப்பார். சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காந்து தொடர் பாக்கறதுதான் எனக்கு அந்த நாள்லயே நல்ல நேரம். அவருக்கு ஒண்ணும் புரியாது, பாவம், இருந்தாலும் கண்ணை எடுக்காம பாப்பார். இருங்கன்னு சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உனக்கு வயசாச்சே, ஒரு வழி சொல்லு." நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேற்படி பெரியவரிடம் நேரில் போய்க் கேட்கவும்" என்று பதில் போட்டேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கடிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். தாங்கள் வந்து நின்றீர்கள். மகள் டூட்டியில் இருந்தாள், சமையலறையில் ஒருவரும் இல்லை. "மாமா, வியாழக்கிழமை போகாதீங்க. இங்கயே இருங்க" என்றீர்கள், என் முகத்தைப் பார்த்து. "சரி மாப்பிள்ளை" என்றேன். தாங்கள் எதிர் நாற்காலிக்குப் போகாமல் சோபாவிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் இருவரும் அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தாங்கள் பேச ஆரம்பித்தீர்கள், நிறுத்தவேயில்லை.

"ஒரு தச்சன் இருக்கான் மாமா, கிழவன், திமிர் புடிச்சவன், ஆனா தங்கமான ஆளு. உங்ககிட்ட நேர்ல கேளுன்னு அவன்தான் சொன்னான். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அவன் பேச்சை என்னால ஒத்துக்க முடியல. நீங்க லிஃப்ட்லயே இருந்தவர், உங்களுக்குத்தான் தெரியும். அந்த ராட்சதனோட கதவு சிக்கிக்கிச்சுன்னு சொல்றான் மாமா. அது சிக்குமா?"

சாப்பாட்டைத் தவிர தாங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. முகமெல்லாம் ஆவலாக இருந்தது.

"சிக்காது மாப்பிள்ளை" என்றேன்.